இரேனியஸ் ஐயரும் பேச்சுத் தமிழும்

பொருநை பாயும் நெல்லைச் சீமைக்குக் கடல் கடந்து வந்து, தமிழ் கற்று, தமிழிலேயே நூல் எழுதிய மேனாட்டார் பலர். அவர்களுள் கால்டுவெல் ஐயரை நாம் அறிந்திருக்கும் அளவுக்கு, அவருக்கு முன்பே பாளையங்கோட்டைக்கு வந்து அங்கேயே மறைந்த சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸை அறிந்திருக்கிறோம் என்று சொல்ல இயலாது. கிறித்தவ சமய வரலாற்றில் அவர் பெயர் பெரிதாகவே நிற்கிறது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் ஒரு பத்தியில் அவரைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால் எழுதும் தமிழ் எது, பேசும் தமிழ் எது, இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்னும் வினாவை அச்சு நூலின் பொருட்டு நம் மண்ணில் அமர்ந்து நெடுநாள் சிந்தித்தவர் அவர். அந்த ஒரு பக்கத்தைக் கொண்டே அவருடைய வாழ்வை இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் பரப்ப வந்த சமயத்தைப் பற்றிய வழக்குகள் வேறிடத்துக்கு உரியவை.

இரேனியஸ் 1790-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவில் கிரௌடென்ஸ் கோட்டையில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் கிருட்ஜியாட்ஸ் என்னும் பெயரோடு விளங்குகிறது. தந்தையார் பிரஷ்யப் படையில் அலுவலர். இளமையிலேயே தந்தையை இழந்த இரேனியஸ், உற்றாரின் அரவணைப்பில் வளர்ந்து, சமயப் பணியில் நாட்டம் கொண்டு, பெர்லின் நகரில் யானிக்கே என்பவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1812-இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராகக் கப்பலேறி, 1814-இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அவர் எத்தகைய மொழிச் சூழலிலிருந்து வந்தார் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் அனைவரும் ஒரே மொழியை ஒரே வகையாகப் பேசுகின்றனர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அவ்வாறன்று. நான் என்பதற்கு நூலில் எழுதுவது இஹ். பெர்லின் தெருவில் அது இக் ஆகும். தெற்கே பவேரியாவில் வெறும் இ ஆகித் தேய்ந்துவிடும். இல்லை என்னும் பொருளில் எழுதும் நிஹ்ட், வடக்கே இறுதி மெய்யை இழந்து நிஹ் என நிற்கும்; தெற்கே நெட் என ஒலிக்கும். நமக்கு உண்டு என்னும் பொருள்பட ஹாபென் வியர் என்று இரு சொல்லாக எழுதுவதைப் பவேரியர் ஒரே மூச்சில் ஹம்மா என்று முடித்துவிடுவர். வடபுலத்துப் பொதுமக்கள் வீட்டில் பேசியது தாழ்ஜெர்மன் என்னும் தனிக் கிளை. அதன் மெய்யொலிகளே நூல் வழக்கினின்றும் வேறுபட்டவை. இரேனியஸ் பிறந்ததும் கற்றதும் இவ்வடபுலத்திலேதான்.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஜெர்மன் மொழியில் சுருங்கிய சொல்லெல்லாம் கொச்சை என்று ஒதுக்கப்படவில்லை. இன் டெம் என்னும் இரு சொற்கள் இம் என்றும், ட்சு டெம் என்பது ட்சும் என்றும் சுருங்கின. இன்று மிகச் சிறந்த நூலாசிரியரும் அப்படியே எழுதுவர். ஹம்மாவோ இன்னும் வாயில் சேராமல் நிற்கிறது. வாயிலில் நிற்பதும் வீட்டுக்குள் வந்துவிட்டதும் ஒலியளவில் ஒரே வகைச் சுருக்கங்களே. எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்தது வழக்காறு; அவ்வழக்காற்றை நிலைநாட்டியதில் அச்சு நூலுக்கும், அச்சு நூலுள் தலைமையாகப் பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த வேதாகமத்துக்கும் பெரும்பங்கு உண்டு. லூத்தர் சந்தையிலும் வீட்டிலும் மக்கள் பேசுவதைச் செவிமடுத்து மொழிபெயர்க்க வேண்டும் என்று வாதாடியவர். ஆயினும் தம் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதினாரல்லர். சாக்சனி அரசின் எழுத்து வழக்கை அடிப்படையாகக் கொண்டு, பல நாட்டாரும் புரிந்துகொள்ளத்தக்க ஒரு நடுநடையை அமைத்தார். இக்கொள்கையின் நிழலில் வளர்ந்தவர் இரேனியஸ் என்பதை மறவாதிருந்தால், அவர் தமிழில் செய்தவற்றின் காரணம் எளிதில் விளங்கும்.

சென்னையில் இறங்கிய பின் தரங்கம்பாடி சென்று சில மாதம் தமிழ் பயின்றார். அவ்வூர் அதற்கு நூறாண்டு முன்பே இன்னொரு ஜெர்மானியரின் தமிழ்ப் பள்ளியாய் இருந்தது. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்க் கரையோர மக்களின் பேச்சையே முதலில் கற்று, தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. இத்தாலியரான வீரமாமுனிவரோ செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இலக்கணத்தையே இரண்டாகப் பகுத்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1728-இல் எழுதி முடிக்கப்பெற்றது. பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. கொடுந்தமிழ் என்பதற்குக் கொடிய தமிழ் என்பது பொருளன்று. வளைந்த தமிழ், நாட்டுக்கு நாடு வளைந்து வழங்கும் தமிழ் என்பதே பொருள். அவருக்குப் பின் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரீசியுஸ், அவரும் ஜெர்மானியரே, வேதாகமத்தை முழுவதும் தமிழாக்கினார். மூலத்தின் சொல்லும் சொல்வரிசையும் சிதையாமல் காப்பதே அம்மொழிபெயர்ப்பின் நோக்கம். இம்மூவரும் விட்டுச் சென்ற செல்வமும் சிக்கலும் ஒருங்கே இரேனியஸின் கைக்கு வந்தன.

1820-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் பாளையங்கோட்டை வந்தார். அதற்கு முன் அங்கே படைப்பிரிவின் குருவாயிருந்த ஹாவ் என்பவர் சில பள்ளிகளைத் தொடங்கியிருந்தார். இரேனியஸும், அவருடைய நாட்டினரே ஆன ஷ்மித் என்பவரும் அப்பணியை விரித்தனர். பள்ளிகள் பெருகின, பெண்மக்களுக்குக் கல்வி தரும் ஏற்பாடு உண்டாயிற்று, ஊசிக்கோபுரம் என்று இன்றும் நாம் வழங்கும் திருத்துவ ஆலயம் 1826-இல் எழுந்தது. பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா என்பவரின் பொருளுதவியால் நாங்குநேரிப் பக்கத்தில் ஓர் ஊர் அமைந்து டோனாவூர் என்று பெயர் பெற்றது. மதம் மாறியதன் பொருட்டுத் துன்புறுத்தப்பட்டோர் குடியிருக்க நிலம் வாங்கித் தருவதற்காகத் தர்ம சங்கம் 1830-இல் நிறுவப்பட்டது. இவற்றையெல்லாம் சமய வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன.

தமிழ் பயில்வதற்கு அவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயரை ஆசிரியராகக் கொண்டார். கவிராயர் மரபிலக்கணமும் காப்பியமும் வல்ல புலவர். ஆக, காலையில் கவிராயரிடம் ஒரு தமிழையும், வெளியே இறங்கினால் கடைத்தெருவிலும் பனங்காட்டிலும் வேறொரு தமிழையும் கேட்கும் நிலை அந்த ஜெர்மானியருக்கு வாய்த்தது. இரண்டையும் ஒரே மொழி என்று நம்புவது வேற்று நாட்டார்க்கு எளிதன்று. நமக்கே அது எளிதா என்பது வேறு வினா.

அவர் நாள்தோறும் கேட்டிருக்கக்கூடிய தமிழ் எத்தகையது? ஆலங்குளத்தாராகிய நமக்கு அதை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நம் தெருக்களில் பீடி சுற்றுகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. பீடி சுத்துதா என்பதே பேச்சு. சொல்லுகிறான் என்பது சொல்லுதான், ஓடுகிறான் என்பது ஓடுதான். ஆனால் படிக்கிறான் என்பது படிக்குதான் ஆவதில்லை. படிக்கான் என்றே வரும். நடக்கிறான் நடக்கான், கேட்கிறான் கேக்கான். இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காண்க. ககரம் இரட்டித்து நிகழ்காலம் காட்டும் வினைகளில் இடையிலுள்ள இற் என்பது கெட்டுவிடுகிறது. இரட்டியாத வினைகளில் கிற் நின்ற இடத்தில் தகரம் வந்து அமர்கிறது. எழுத்தறியாத பாட்டியும் இதைத் தவறிச் சொல்வதில்லை. சென்னையில் சொல்றான் என்பர். யாழ்ப்பாணத்தார் சொல்லுறான் என்பர். தன்மையில் நான் வாறன் என்று முடிப்பர். ஒவ்வொரு நாட்டிலும் சுருக்கம் உண்டு. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு விதி உண்டு. ஒழுங்கற்ற பேச்சு என்று ஒன்று எந்த நாட்டிலும் இல்லை.

வந்துகொண்டிருக்கிறான் என்னும் நெடுந்தொடரைப் பாருங்கள். கொண்டு என்னும் ஒரு சொல் மட்டுமே எத்தனை வேடம் பூணுகிறது! மதுரைப் பக்கம் வந்துக்கிட்டு; சென்னையில் வந்துகினு; அந்தணர் வீட்டில் வந்துண்டு. அவர்கள் வந்தார்கள் என்பது சென்னையில் அவங்க வந்தாங்க, கோவில்பட்டிக்கு வடக்கே அவுக வந்தாக, நம் பக்கத்திலும் நாஞ்சில் நாட்டிலும் அவிய வந்தாவ. இவற்றோடு, நெல்லையிலிருந்து நம் ஊர் வழியாகத் தென்காசியும் அதற்கப்பால் செங்கோட்டையும் செல்லும் ஒரே சாலையில் பேச்சு நிறம் மாறுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவாங்கூர் சமஸ்தானத்தோடும் பின்னர்த் திரு-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊராதலின், அங்குள்ள முதியோர் பேச்சில் மலையாளச் சாயல் படிந்திருப்பது இயல்பே. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும் நம் நாவு திருநெல்வேலியை விட்டுப் பிரியவில்லை.

இவ்வேறுபாடுகளை நம் முன்னோர் அறியாதவரல்லர். தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களையும் அவற்றின் திசைச்சொல்லையும் கூறிச் சென்றார். உரையாசிரியர்கள் அப்பன்னிரண்டனுள் தென்பாண்டி நாட்டையும் வைத்து, அந்நாட்டார் ஆவினைப் பெற்றம் என்று வழங்குவதை எடுத்துக்காட்டினர். அந்தத் தென்பாண்டி நாட்டார் நாமே. சொற்சுருக்கத்துக்கும் நன்னூலார் இடம் தந்தார். மரூஉ என்று பெயரிட்டு, அதனை இயல்பு வழக்கினுள்ளேயே அமைத்தார். சோழநாடு சோணாடு ஆனதும், அருமருந்தன்ன என்பது அருமந்த ஆனதும், திருநெல்வேலி நெல்லை ஆனதும் அவ்வழியேதான். இம் என்பது ஜெர்மன் நூலுக்குள் நுழைந்ததற்கும், அருமந்த என்பது தமிழ் நூலுக்குள் நுழைந்ததற்கும் வேறுபாடு யாதும் இல்லை. சுருக்கம் குற்றமாவது அதன் ஒலியாலன்று, அதைப் பேசுவோர் யார் என்பதாலேயே என்று தோன்றுகிறது.

இனி, இரேனியஸ் என்ன முடிவு செய்தார் என்பதைக் காண்போம். தமிழ் மொழிக்கு ஆங்கிலத்தில் அவர் எழுதிய இலக்கணத்தின் 1836-ஆம் ஆண்டுப் பதிப்பு பல நூலகங்களில் உண்டு. வீரமாமுனிவரைப் போல இரண்டு தமிழுக்கு இரண்டு இலக்கணம் என்னும் பகுப்பை அவர் ஏற்கவில்லை. செய்யுள் நடையின் அருஞ்சொற்களும் வேண்டா. தெருவின் சிதைந்த வடிவங்களும் வேண்டா. கற்றோர் தெளிவாகப் பேசும்போதும் கடிதம் எழுதும்போதும் எவ்வடிவம் வழங்குகிறதோ அதுவே கற்பிக்கத்தக்க தமிழ் என்பது அவர் நிலை. அதனால் சொல்லுகிறான் என்னும் முழு வடிவம் நின்றது. சொல்லுதான் வெளியே நின்றது. சொல்லதிகாரத்தோடு நின்றுவிடாமல், சொற்கள் தொடராக அமையும் முறைக்கு அவர் விரிவான இடம் தந்தார். இது சிறிய செயலன்று. உரைநடையில் வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்பது நம் பழைய இலக்கணங்கள் பெரிதும் கவலைப்படாத பொருள். உரைநடை அச்சேறத் தொடங்கிய காலத்தில் அதுவே முதற்கவலை ஆயிற்று.

இக்கொள்கையின் கடினமான சோதனை வேதாகமத் திருத்தம். சென்னையில் இருந்த நாளிலேயே பப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பைச் செப்பனிடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பாளையங்கோட்டை வந்த பின்னும் அது தொடர்ந்தது. மூலத்தின் சொல்லைச் சொல்லாகப் பெயர்த்தால் தமிழ் வாக்கியம் முறிகிறது, பொருளைப் பெயர்த்தால் மட்டுமே கேட்போர்க்கு விளங்கும் என்பது அவர் கண்ட முடிவு. மொழிபெயர்ப்புக் கொள்கை பற்றித் தனி நூலே எழுதி 1827-இல் நாகர்கோவிலில் அச்சிட்டார். தமிழ் நாட்டில் மொழிபெயர்ப்பியல் பற்றி அச்சான மிக முந்திய நூல்களுள் அதனை வைத்து எண்ணலாம். அவர் திருத்திய, உண்மையில் புதிதாகவே செய்த, புதிய ஏற்பாடு 1830-களின் முற்பகுதியில் வெளிவந்தது.

வெளிவந்தபின் நேர்ந்தது வியப்புக்குரியது. நெல்லைச் சபைகள் பலவும் அதனை ஏற்றன. தஞ்சைப் பக்கத்துப் பழைய லூத்தரன் சபைகளோ ஏற்க மறுத்தன. பப்ரீசியுஸின் தமிழ் முறிந்த தமிழாயிருக்கலாம். ஆனால் அது அவர்கள் தாய் தந்தையர் செவியில் விழுந்த தமிழ். திருமணத்திலும் சாவிலும் ஒலித்த தமிழ். விளங்காத இடங்களே அவர்களுக்குப் புனிதமாயின. விளக்கமாகச் சொன்னால் போதும், மக்கள் ஓடி வந்து கொள்வர் என்று நினைத்த சீர்திருத்தக்காரர் எத்தனையோ பேர் இந்த இடத்தில் தோற்றிருக்கின்றனர். லூத்தருக்குக் கிடைத்த வெற்றி அவர் நாட்டினரான இரேனியஸுக்குத் தமிழில் அரைப்பங்கே கிடைத்தது. பின்னாளில் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு கூடி 1871-இல் நிறைவேற்றிய திருத்தம் பப்ரீசியுஸை அடிப்படையாகக் கொண்டு, நடையின் ஓட்டத்துக்கு இரேனியஸையும் துணைக்கொண்டது. இரு ஜெர்மானியரின் பிணக்கை ஓர் இணக்கம் தீர்த்து வைத்தது என்று கூறலாம்.

சமயத்தை விட்டு நீங்கிய ஒரு நூலையும் அவர் எழுதினார். 1832-இல் வெளிவந்த பூமிசாஸ்திரம் அது. உலகத்தின் நாடுகளையும் கடல்களையும் மலைகளையும் தமிழ் உரைநடையில் எடுத்துரைத்த முன்னோடி நூல். யாரும் மனப்பாடம் செய்து வைத்திராத பொருள் ஆகையால், இங்கே பழகிய செவியின் எதிர்ப்பு இல்லை. பாடல் வடிவில் அல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி சொல்லிச் செல்லும் நடை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதாயிருந்தது. அவருடைய நடுத்தமிழ்க் கொள்கை பொருந்திய இடம் வேதாகமத்தை விட இதுவே என்பது என் எண்ணம். இன்று நாம் படிக்கும் பாடநூல் தமிழ், செய்தித்தாள் தமிழ் ஆகியவற்றின் கால்வழியைத் தேடிப் போனால் இத்தகைய நூல்களிடமே சென்று சேர்வோம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வசன நடையை வளர்க்கத் தொடங்கியது இதற்குப் பின்னரே.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் போவது முறையாகாது. இரேனியஸ் சாதி வேற்றுமைக்கு எதிராக உறுதியாக நின்றவர். மாணவர் விடுதியில் மேற்சாதிப் பிள்ளைகள் பிறரோடு உடனிருந்து உண்ண மறுத்தபோது அவர் இசையவில்லை. பள்ளிக்கே இடையூறு நேர்ந்தும் தளரவில்லை. ஆனால் மொழி என்று வரும்போது, கற்றோர் பேச்சே அளவுகோல் என்றார். 1820-களின் திருநெல்வேலியில் கற்றோர் யார்? எழுத்தும் ஏடும் யார் வீட்டில் இருந்தன? அவரை நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறியும் உழுதும் பிழைத்தவர்கள். அவர்கள் வாயில் வழங்கிய வடிவங்கள் கொச்சை என்னும் பெயரோடு நூலுக்கு வெளியே தள்ளப்பட்டன. ஒரே பந்தியில் அமர்த்திய கை, ஒரே பக்கத்தில் அமர்த்தவில்லை.

ஆயினும் வேறு வழி அவருக்கு இருந்ததா என்று எண்ணிப் பார்க்கையில் கண்டிக்க மனம் வரவில்லை. சொல்லுதான் என்று அச்சிட்டால் ஆலங்குளத்தான் மகிழ்வான், தஞ்சாவூரான் நகைப்பான், யாழ்ப்பாணத்தான் திகைப்பான். அந்நூல் சென்னையில் அச்சாகித் தமிழ் வழங்கும் எல்லா இடத்துக்கும் செல்ல வேண்டியது. சுருக்கங்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சுருங்குவதற்கு முன்னிருந்த முழு வடிவமோ எல்லோர்க்கும் பொது. சொல்லுகிறான் என்பது எவர் வீட்டிலும் பேசப்படாத சொல்; அதனாலேயே எவரையும் அயலாராக்காத சொல். லூத்தரின் நாட்டில் பிறந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றியிராது. பவேரியனின் இ, பெர்லின்காரனின் இக் ஆகிய இரண்டையும் விடுத்து இஹ் என்று எழுதிப் பழகிய கை அது.

அவருடைய இறுதி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பைக் குறைகூறி அவர் எழுதிய திறனாய்வு ஒன்று சங்கத்தாரின் சினத்தைக் கிளறியது. தம் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் முறை பற்றியும் முன்பே கருத்து வேறுபாடு முற்றியிருந்தது. 1835-இல் சங்கம் அவரை நீக்கிற்று. ஆர்க்காட்டுப் பக்கம் சென்ற அவரை, நெல்லைச் சபையாரில் ஒரு பகுதியினர் திரும்பி வருமாறு அழைத்தனர். அவ்வாண்டே திரும்பினார். ஊர்கள்தோறும் சபை இரண்டாகப் பிளந்து நின்ற காலம் அது. தாம் நட்ட தோட்டத்திலேயே வேலிக்கு அப்பால் நின்று நீர் பாய்ச்சும் நிலை. மூன்றாண்டு அவ்வாறு உழைத்து, 1838-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில் பாளையங்கோட்டையில் காலமானார். அவர் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மறைவுக்குப் பின் பிளவு மெல்ல ஆறியது. அவருடைய மகன் தொகுத்த வாழ்க்கை வரலாறு 1841-இல் லண்டனில் வெளிவந்தது. பின்னாளில் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றை எழுதிய கால்டுவெல், இங்கு பணிபுரிந்தவர்களுள் மிக்க ஆற்றல் வாய்ந்தவருள் ஒருவராக அவரை மதித்தார்.

அவர் நூலுக்கு வெளியே நிறுத்திய பேச்சு பின்னர் என்னவாயிற்று? ஏறத்தாழ நூறாண்டு அது வெளியிலேயே நின்றது. பின்பு அது சமயத்தின் வழியாகவோ பள்ளியின் வழியாகவோ உள்ளே வரவில்லை. சிறுகதையின் வழியாக வந்தது. 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன், திருநெல்வேலிப் பிள்ளைமார் வீட்டுப் பேச்சை ஓசை மாறாமல் உரையாடலில் அமைத்தார். கரிசல் காட்டுக் கி. ராஜநாராயணன் ஒரு படி மேலே சென்று, கதை சொல்லும் நடையையே பேச்சுக்கு அருகில் கொண்டுவந்தார். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் தொகுத்துத் தந்தார். நாட்டார் சொல்லுக்கு அகராதி உண்டாயிற்று. ஆனால் சொல்லுதான், படிக்கான் போன்ற வினைச்சுருக்கங்களை ஊர் ஊராகச் சென்று தொகுக்கும் வேலை, சொற்களைத் தொகுத்த அளவுக்கு நடைபெறவில்லை. சொல் அகராதியில் ஏறிவிடும். வினையின் விகுதி அகராதியில் ஏறாது, அதற்கு இலக்கணம் வேண்டும்.

அதற்குரிய பொருள் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே கிடக்கிறது. ஆலங்குளத்திலிருந்து கிழக்கே நெல்லை வரையும் மேற்கே செங்கோட்டை வரையும் உள்ள ஊர்களில், அவர்கள் வருகிறார்கள் என்னும் ஒரே வாக்கியத்தை எழுபது வயது கடந்தோர் எவ்வாறு சொல்கின்றனர் என்று கேட்டு எழுதினால், அதுவே ஒரு சிறு நூலாகும். தொலைக்காட்சியின் சென்னைத் தமிழ் கேட்டு வளரும் பேரப்பிள்ளைகள் சொல்றான் என்று பேசத் தொடங்கிவிட்டனர். நம் வட்டத்து அன்பர்களில் ஆசிரியப் பணியில் இருப்போர் பலர். விடுமுறை நாளில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து சென்றால் ஓராண்டில் இது முடியும். ஏட்டில் எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும். அவியளை அவர்களாகத் திருத்திவிடக் கூடாது.